முன் சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது

சார், உங்களை எதுக்கு இந்த முன் சீட்டுல உக்கார வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. நாகர்கோயில்ல வண்டி ஏறுறப்ப பெரியவர் உங்க காதுல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. 'மாப்ள, நீ முன்னாடி உக்காந்து டிரைவர்கூடப் பேசிக்கிட்டே வா. பொண்ணு வீட்டுல சாப்பாடு பலமா இருந்துச்சு, அசந்துறப் போறாரு.' இதுதான சொன்னாரு? தப்பா எடுத்துக்கல சார். எல்லா வேன்லயும் உள்ள பழக்கந்தான். பூ வைக்கப் போனாலும் சரி, இழவுக்குப் போனாலும் சரி, முன் சீட்டுக்குன்னு ஒரு ஆளை நேந்து விட்ருவாங்க. அந்த ஆளு தூங்கக் கூடாது. டிரைவரையும் தூங்க விடக் கூடாது. பின்னாடி இருக்கிறவங்க பூராம் வள்ளியூர் தாண்டுறதுக்குள்ள வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கிருவாங்க. பாருங்க, தூங்கிட்டாங்களா இல்லையா?

எனக்கு அது தேவையில்ல சார். நீங்க வேணும்னா நீங்களும் சாஞ்சுக்கங்க. நான் பாத்துக்கிறேன்.

சரி, தூக்கம் வரலைங்கிறீங்க. அப்ப என் கண்ணை ஒரு தடவை நல்லாத் திரும்பிப் பாருங்க. வெக்கப்படாமப் பாருங்க. தெறந்திருக்குல்ல? நல்லா முழிச்ச கண்ணு மாதிரி இருக்குல்ல? இது ஆபரேஷன் பண்ணுன கண்ணு. பொரை, கிரை ஒண்ணும் இல்ல. அழகுக்குப் பண்ணுற ஆபரேஷன். சினிமாக்காரங்க பண்ணிக்கிடுவாங்கள்ல, அது. சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யிறாங்க. வேன் ஓட்டுற பால்ச்சாமிக்கு எதுக்குடா அழகுன்னு. என் கதையைக் கேட்டா சிரிக்க மாட்டீங்க.

எங்க அய்யாவுக்கும் இதே கண்ணுதான் சார். மேல் இமை பாதிக் கண்ணு வரைக்கும் தொங்கும். பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே தூங்குமூஞ்சி. நான் சும்மா கரும்பலகையப் பாத்துக்கிட்டு இருப்பேன், வாத்தியாரு சாக்பீஸை வீசுவாரு. கல்யாண போட்டோவுல வள்ளி முழிச்சிருப்பா, நான் தூங்கிக்கிட்டு இருப்பேன். வள்ளிங்கிறது என் வீட்டுக்காரி. அப்பல்லாம் அது ஒரு கேலி, அவ்வளவுதான். வயசாக ஆக தோலு தளந்து இன்னும் கீழ இறங்கிருச்சு. கண்ணுக்குக் கீழ வேற ரெண்டு பை. ஆனா வண்டியில ஒரு கீறல் கிடையாது. நீங்க ஓனர்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

அப்பத்தான் அந்த வீடியோ வந்துச்சு.

கொடைக்கானல் போயிட்டு இறங்குற காலேஜ் பிள்ளைங்க. பட்டப்பகல். மலையெல்லாம் பத்திரமா இறக்கிட்டேன், வத்தலக்குண்டு தாண்டி நேர் ரோடு. முன் சீட்டுல ஒரு பொண்ணு. முன் சீட்டுல உக்காந்தா பேசணும்ல? பேசல. போனைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சிருக்கு. அதை அப்படியே பாட்டுப் போட்டு, 'தூங்கிக்கொண்டே வேன் ஓட்டும் டிரைவர்'னு எழுதி விட்டுருச்சு. மதுரையில இருக்கிற அத்தனை டிராவல்ஸ்காரன் போன்லயும் நான்தான்.

நானும் பாத்தேன் சார், ஒரு தடவை இல்ல, பல தடவை பாத்தேன். அதுல என் கண்ணு மூடியிருக்கு. மூடியிருக்குன்னா, மூடின மாதிரி இருக்கு. வண்டி லேசா வலது பக்கம் போகும். ரோடே அங்கிட்டு வளையுது, வண்டி போகாம என்ன பண்ணும்? கடைசில ஒரு பையன் பின்னாடியிருந்து தோளைப் பிடிச்சு உலுக்குவான். நான் திரும்பி, 'என்னப்பா, பாத்ரூமா'ன்னு கேப்பேன். நீங்களே சொல்லுங்க, முழிச்சிருக்கிறவன்தான சார் அப்படிக் கேப்பான்?

இந்தா வந்துருச்சு நாங்குநேரி டோல்கேட்டு. கண்ணாடியில ஒட்டியிருக்கிற கார்டை அதுவாப் படிச்சுக்கிட்டு கம்பியத் தூக்கும் பாருங்க. போயிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

ஓனர் ரத்தினவேல் அண்ணே என்னைக் கூப்பிட்டாரு. நல்ல மனுசன், திட்டல. 'பால்ச்சாமி, நீ தூங்குனியா தூங்கலையாங்கிறது உனக்கும் சாமிக்கும்தான் தெரியும். ஆனா பார்ட்டி உன் மூஞ்சியத்தான பாக்குது'ன்னாரு. வண்டி பேசுறப்பவே கேக்குறாங்களாம், 'அந்தத் தூங்குமூஞ்சி டிரைவரை அனுப்ப மாட்டீங்கள்ல'ன்னு. மறுநாள்லருந்து என்னைப் பந்தல் சாமான் ஏத்துற வண்டிக்குப் போட்டுட்டாரு. மூங்கிலும் தகரமும் புகார் பண்ணாதுல்ல. ஒரு கல்யாண மண்டபத்துல நாற்காலி இறக்கிக்கிட்டு இருக்கேன், என் வேனை எவனோ ஒரு சின்னப் பய ஓட்டிக்கிட்டு வர்றான். நான் துடைச்சு துடைச்சு வச்சிருந்த கண்ணாடியில அவன் படத்தை ஒட்டியிருக்கான். அன்னைக்கு மண்டபத்துக்குப் பின்னாடி நின்னு அழுதேன் சார். சொல்ல என்ன வெக்கம்.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். மூஞ்சிதான பிரச்சினை, மூஞ்சிய மாத்திருவோம்னு.

முதல்ல ஒரு கண் டாக்டரம்மாகிட்டதான் போனேன். ஷகீலாம்மான்னு பேரு. சின்ன கிளினிக்குதான், ஆனா கூட்டம் நிக்கும். வள்ளியும் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னா, கூட்டிட்டுப் போனேன். அதான் நான் செஞ்ச தப்பு.

அந்தம்மா என் இமையை இழுத்துப் பாத்துச்சு, மேல பாருங்க, கீழ பாருங்கன்னுச்சு, சின்ன ஸ்கேலை வச்சு அளந்துச்சு. இதுல பல விதம் இருக்காம் சார். சும்மா வெட்டித் தச்சுர முடியாதாம். இமையத் தூக்குற தசை தளந்திருந்தா தசைய இறுக்கணும். தசை நல்லாருந்து தோலு மட்டும் மிச்சமா இருந்தா தோலை எடுக்கணும். கீழ இருக்கிற பையின்னா, அது கொழுப்பு, உள்பக்கமாவே எடுத்துறலாம், வெளிய தழும்பு தெரியாது. எனக்கு ஷட்டர் மாதிரி புரிஞ்சுச்சு. ஸ்பிரிங் போயிருச்சா, இல்ல ஷட்டர் தகரமே நீளமா இருக்கான்னு பாக்குறாங்க. எனக்கு ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்காம். தகரம்தான் நீளம். மேல தோலைக் கொஞ்சம் எடுத்தாப் போதும்னுச்சு. கொஞ்சம்னா…

கொஞ்சம்னா…

ஆங்? என்ன சார்? இல்ல, யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க விட்டேன்? எங்க அய்யாவுக்கும் இதே கண்ணுதான் சார். மேல் இமை பாதிக் கண்ணு வரைக்கும்… சொல்லிட்டனா? டாக்டரம்மா, ஆமா. ஷட்டர்ல நிக்கிறோம்.

கொஞ்சந்தான் எடுக்கணும்னுச்சு. ஒரு சின்ன இடுக்கியால தோலைப் பிடிச்சு, 'இப்ப கண்ணை மூடுங்க'ன்னுச்சு. மூடுனேன். இன்னும் கொஞ்சம் சேத்துப் பிடிச்சு, 'இப்ப மூடுங்க'ன்னுச்சு. மூட முடியல. 'பாத்தீங்களா, அதுதான் எல்லை. அதைத் தாண்டி ஒரு துளி எடுத்தாலும் கண்ணு முழுசா மூடாது. இமை இருக்கிறதே கண்ணை மூடுறதுக்குத்தான்'னுச்சு. நான் கேட்டேன், 'ஏம்மா, டிரைவருக்குக் கண்ணு மூடாம இருந்தா நல்லதுதானம்மா?' அந்தம்மா சிரிக்கல. நான் ஜோக்குக்குச் சொல்லலைன்னு அதுக்கே தெரிஞ்சிருச்சு போல.

அப்புறம் என்னைய விட்டுட்டு வள்ளியப் பாத்துக் கேக்குது. 'இவர் குறட்டை விடுவாரா?' கேக்குற கேள்வியா இது? கண்ணுக்கு வந்த இடத்துல குறட்டைப் பஞ்சாயத்து. வள்ளி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலாம்ல? 'விடுவாரும்மா, விட்டுக்கிட்டே இருக்கிறப்ப திடீர்னு நின்னுரும். மூச்சே இருக்காது. நான் பயந்துபோய் உலுக்குவேன். அப்புறம் ஒரு சத்தத்தோட மூச்சு வரும்'னு பூராத்தையும் கொட்டிட்டா. 'பகல்ல அசதியா இருப்பாரா?' 'சாப்பிட்டுக்கிட்டே தூங்கிருவாரும்மா.' சார், நான் சாப்பிட்டுக்கிட்டே தூங்குனது ஒரே ஒரு தடவை. திருப்பதி ஓட்டிட்டு வந்த அன்னைக்கு. இல்ல, பழனி ஓட்டிட்டு வந்தன்னைக்கும்.

அந்தம்மா பேனாவை மூடி வச்சிருச்சு. 'உங்களுக்கு முதல்ல பாக்க வேண்டியது கண்ணு இல்ல, தூக்கம். ராத்திரி மூச்சு அடைச்சு அடைச்சு நீங்க சரியாவே தூங்குறதில்ல. ஒயர் மாட்டிப் படுக்க வச்சுத் தூக்கத்தை அளக்குற டெஸ்ட் இருக்கு, அதைப் பண்ணிட்டு வாங்க. மாஸ்க் மாதிரி ஒரு மெஷின் தருவாங்க, சரியாயிரும். அதுக்கப்புறம் இமையை நானே பண்ணித் தர்றேன். அது வரைக்கும் தயவுசெஞ்சு வண்டி ஓட்டாதீங்க.'

வண்டி ஓட்டாதீங்க. ஒரு டிரைவரைப் பாத்து. கண்ணு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வரலாம்னு போன இடத்துல, தூங்குறவன்னு முத்திரை குத்தி அனுப்பிருச்சு. அந்த வீடியோ பிள்ளைக்கும் இந்தம்மாவுக்கும் என்ன சார் வித்தியாசம்? ஓனர் கேட்டாரு, 'டாக்டர் என்னய்யா சொன்னாங்க?' 'கண்ணு சூப்பரா இருக்குண்ணே, தோலு மட்டும் கொஞ்சம் எடுக்கணுமாம்'னேன். பொய் இல்ல, அந்தம்மா அதையுந்தான சொல்லுச்சு.

ஏன் சார் டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டு வர்றீங்க? சீட்டு ஆடுதா? ஏசியில இருந்துக்கிட்டு வேர்க்குது வேற உங்களுக்கு. பாயசம் அதிகமோ?

அந்தக் கதவுப் பையில ஒரு சின்ன பாட்டில் இருக்கும், எடுங்க. சொட்டு மருந்து. இப்ப கொஞ்சம் கண்ணு காயுது, மண்ணு விழுந்தாப்புல உறுத்தும். அடிக்கடி விடணும். இல்ல, வண்டிய நிறுத்தல்லாம் வேணாம், நேர் ரோடுதான. ஒரு கண்ணுக்கு விடுறப்ப இன்னொரு கண்ணு பாக்கும்ல. இந்தா… ஆச்சு. இந்தா… ஆச்சு. எதுக்கு சார் கத்துறீங்க, பின்னாடி கைப்பிள்ளை தூங்குது.

தாமிரபரணி பாலம் தாண்டிட்டோம்ல? பாத்தேன், பாத்தேன்.

ரெண்டாவது, கோயம்புத்தூர் பக்கம் ஒரு இடம். பேரு வேணாம். உண்மையச் சொன்னா அது முடி நடுற இடம். போன்ல விளம்பரம் வந்துச்சு, முடி, மூக்கு, கண்ணு, எல்லாம் செய்யிறோம்னு. வள்ளிகிட்டச் சொல்லாமப் போனேன். போனா, வரிசையா மண்டையில கட்டுப் போட்டு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. எனக்குத் தெம்பா இருந்துச்சு. நம்மள மாதிரி மூஞ்சியால கஷ்டப்படுற ஆளுக இம்புட்டுப் பேரு இருக்காங்களேன்னு.

டாக்டரு சின்ன வயசுப் பையன். என் மூஞ்சிய போட்டோ எடுத்து டி.வி.யில போட்டாரு. அதுல என் கண்ணையே மாத்தி மாத்திக் காட்டுனாரு சார். முதல் படத்துல, இப்பத்தான் டீ குடிச்சவன் மாதிரி இருந்தேன். அடுத்ததுல குளிச்சு திருநீறு பூசிக்கிட்டு வந்தவன் மாதிரி. மூணாவதுல, எதிர்ல போலீஸைப் பாத்தவன் மாதிரி. 'உங்க வயசுக்கும் முகத்துக்கும் ரெண்டாவதுதான் பொருத்தம்'னாரு. நான் மூணாவதத் தொட்டேன். 'சார், வேன்ல எனக்குப் பக்கத்துல உக்காருறவங்க என்னைச் சைடுலதான் பாப்பாங்க. சைடுலருந்து பாத்தாலும், போன்ல பிடிச்சாலும், இவன் முழிச்சிருக்கான்னு தெரியணும்'னு சொன்னேன்.

அவரும் சும்மா ஒத்துக்கல. அதெல்லாம் சொல்லக் கூடாது. வேணாம்னு மறுகா மறுகா சொல்லத்தான் செஞ்சாரு. டேபிள்ல படுக்க வச்சுப் பேனாவால கோடு போட்டாரு. கண்ணாடியக் கொடுங்கன்னு வாங்கிப் பாத்தேன். கோடு கம்மியா இருந்துச்சு. 'இன்னும் ஒரு நூல் மேல போடுங்க சார்'னேன். 'ஒரு நூலெல்லாம் இமையில ரொம்ப அதிகம்ணே'ன்னாரு. 'துணி தைக்கிறவன்கிட்ட பிடிச்சுத் தைன்னா தைப்பான்ல. நாளைக்குத் தோலு மறுபடி தளந்துச்சுன்னா இன்னொரு தடவை இம்புட்டுத் தூரம் வர முடியாது. எடுங்க. கண்ணு என்னுது'ன்னேன். ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாரு. கீழ பையையும் எடுத்தாச்சு. மரத்துப்போற ஊசிதான் போட்டாங்க, ஆளு முழிச்சுக்கிட்டே இருக்கலாம். அங்கயும் பாருங்க, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

கட்டுப் பிரிச்சு கண்ணாடியப் பாத்தேன் சார். யாரோ ஒருத்தன் என்னைய முழிச்சுப் பாக்குறான். அழுதேன். சந்தோசத்துல அழுதேனா, தண்ணி தானா வந்துச்சான்னு தெரியல. ஆனா மனசு நெறஞ்சு இருந்துச்சு. பிறந்ததுலருந்து ஒரு நாள்கூட என்னைய யாரும் 'ஏன்யா இப்படி முழிக்கிறே'ன்னு கேட்டதில்ல. வந்த அன்னைக்கே ஓனர் கேட்டாரு.

அப்புறம் என்ன. என் வேன் என் கைக்கு வந்துருச்சு. கண்ணாடியில ஒட்டியிருந்த அந்தப் படத்தை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டுனேன். இப்ப எந்தப் பார்ட்டியும் ஒரு வார்த்தை பேசுறதில்ல. தூரத்துச் சவாரின்னா அண்ணே என்னைத்தான் கூப்பிடுறாரு. நேத்து வேளாங்கண்ணி பார்ட்டி. விடியக்காலைல அவங்களை இறக்கி விட்டுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு அப்படியே உங்களை ஏத்துனேன். இன்னைக்கு உங்களை இறக்கிட்டு நாளைக்குக் காலைல மேல்மருவத்தூர். சின்னப் பயலுக செய்வாய்ங்களா? ரெண்டு சவாரிக்கு நடுவுல ஒரு நாள் லீவு கேப்பாய்ங்க.

இந்தச் சத்தமா? கட கடன்னுதான வந்துச்சு? அது ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டிருக்கான்ல, டயர் அதுல ஏறுனா அப்படித்தான். கோட்டை ரொம்ப உள்ள தள்ளிப் போட்டுட்டாய்ங்க.

டீயா? நீங்க குடிக்கணுமா, எனக்காகக் கேக்குறீங்களா? உண்மையச் சொல்லுங்க. எனக்காகன்னா வேணாம். வழியில டீக்கு நிறுத்துறதை நான் விட்டுட்டேன் சார். முன்னாடியெல்லாம் கயத்தாறு வந்தா நிறுத்துவேன், மூஞ்சியக் கழுவுவேன், ஒரு டீ, கொஞ்ச நேரம் சும்மா நிப்பேன். இப்ப நிறுத்துனா என்ன நெனைப்பாங்க? டிரைவருக்குத் தூக்கம் வந்துருச்சு, அதான் டீ குடிக்கிறான்னு நெனைப்பாங்க. எவனாவது அதையும் போன்ல பிடிப்பான். இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குன மூஞ்சி சார், ஒரு டீயில கெடுத்துக்கிட முடியுமா? கயத்தாறு டோல்கேட்டு தாண்டுனா ஒரு நல்ல ஓட்டல் வரும், உங்களுக்கு வேணும்னா அங்க…

தாண்டிட்டமா? டோல்கேட்டையா? எப்ப?

கார்டு வச்சதுலருந்து இதான் சார் தொந்தரவு. டோல்கேட்டு வர்றதும் தெரியிறதில்ல, போறதும் தெரியிறதில்ல.

போனு அடிக்குதா? பாருங்க, வள்ளியாத்தான் இருக்கும். எடுக்காதீங்க. சொல்றேன்ல, எடுக்காதீங்க சார். அடிச்சு ஓயட்டும். எடுத்தீங்கன்னா என்ன கேப்பா தெரியுமா? என்கிட்டப் பேச மாட்டா. 'பக்கத்துல இருக்கிறவங்ககிட்டக் குடுங்க'ம்பா. குடுத்தா, 'அண்ணே, அவர் முழிச்சிருக்காரா'ன்னு கேப்பா. முன்னப் பின்னத் தெரியாத ஆளுகிட்ட. எல்லாச் சவாரியிலயும். மானம் போகுது. போன வாரம் ஒரு ஹெட்மாஸ்டர் உக்காந்திருந்தாரு. அவரு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, 'நல்லா முழிச்சிருக்காரும்மா, கண்ணை உருட்டி உருட்டி முழிச்சிருக்காரு'ன்னாரு. அதுக்கப்புறமும் அவ நம்பல. இறங்குறப்ப அந்த ஹெட்மாஸ்டரே, 'நான் கேட்டதுக்கெல்லாம் பதிலே சொல்லலையே தம்பி, கோவமா'ன்னு கேட்டுட்டுப் போனாரு. கவனமா ஓட்டுனா அதுவும் குத்தம்.

வள்ளிக்கு இந்தக் கண்ணு பிடிக்கல சார். ஊரே நல்லாருக்குங்குது, அவளுக்குப் பிடிக்கல. ஆபரேஷன் ஆன புதுசுல ஒரு மத்தியானம் கட்டில்ல படுத்திருக்கேன். அவ வந்து கேஸ் தீந்துருச்சு, சொல்லிவிடுங்கன்னு பேசிக்கிட்டே இருந்திருக்கா. நான் அவளையே பாத்துக்கிட்டு இருக்கேனாம். பதில் சொல்லலையாம். அவளுக்குக் கோவம் வந்து, கிட்ட வந்து பாத்தா, குறட்டை விட்டுக்கிட்டு இருக்கேனாம். கண்ணு தெறந்தது தெறந்தபடி இருக்காம். அன்னைக்கு அவ உக்காந்து அழுத அழுகை இருக்கே. 'முன்னாடியாவது நீங்க தூங்குனா தெரியும். யாராவது உலுக்கி விடுவாங்க. இப்ப எப்படித் தெரியும், யாருக்குத் தெரியும்'னு கேக்குறா. பொம்பளைங்க புத்தி பாருங்க. வீட்டுல கட்டில்ல படுக்குறதும் ரோட்டுல ஸ்டியரிங் பிடிக்கிறதும் ஒண்ணா? கட்டில்ல படுத்தா தூங்கத்தான் செய்வேன். ஸ்டியரிங்கைத் தொட்டா எனக்குத் தூக்கம் வராது.

நான் சொல்லிட்டேன் அவகிட்ட. இனிமே அந்த டாக்டரம்மா பேரை எடுக்காதே, டெஸ்டுங்கிற வார்த்தை இந்த வீட்டுல வரக் கூடாதுன்னு. மெஷினாம், மாஸ்காம். மூஞ்சியில குழாயை மாட்டிக்கிட்டுப் படுக்குறவனைப் பாத்தா ஓனரு வண்டி தருவாரா? அந்தம்மா சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இன்னமும் புரியல. இமை இருக்கிறதே மூடுறதுக்குத்தான்னு… அப்ப பாக்குறதுக்கு… வள்ளி, அதை எடுத்து உள்ள வை… மழை வருது, துணியெல்லாம்… அந்தக் கதவ…

சார்.

சார், கையை எடுங்க. ஓடுற வண்டியில ஸ்டியரிங்கப் பிடிக்கலாமா? படிச்சவங்கதான நீங்க? விடுங்க சார். விடுங்கங்கிறேன்ல. நான் முழிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். கண்ணு தெறந்துதான இருக்கு, பாக்குறீங்கள்ல?

ஹாரன் யாரு அடிச்சது?

எந்த லாரி? லாரியே இல்லையே முன்னாடி.

அதுவா. அவ்வளவு கிட்டயா வந்துச்சு?

சரி. சரி சார், நிறுத்துறேன். ஓரமா நிறுத்துறேன், கையை எடுங்க. இந்தா, நிறுத்திட்டேன். பிரேக் போட்டாச்சு. பின்னாடி யாரும் முழிச்சுட்டாங்களா? பெரியவரு? கைப்பிள்ளை? தூங்குறாங்கள்ல. நல்லவேளை. மெதுவாப் பேசுங்க. தண்ணி குடிங்க.

நான் பேசிக்கிட்டுத்தான வந்தேன்? டாக்டரம்மா சொன்னதைத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்? மழையா? மழையப் பத்தி நான் எதுவும் சொல்லலையே. துணியா? வெயில் இந்தக் காய்ச்சு காய்ச்சுது, மழையப் பத்தி நான் ஏன் சார் பேசப் போறேன்?

போனை வெளிய எடுக்கிறீங்க. வீடியோ எடுக்கலைல்ல? இல்ல, கேட்டேன். கோவிச்சுக்காதீங்க.

சாவி எங்க சார்?

நீங்களா எடுத்தீங்க? குடுங்க. வேணாம் சார், விளையாடாதீங்க. இருட்டுறதுக்குள்ள உங்களை வீட்டுல விடணும். நாளைக்கு மேல்மருவத்தூர் வண்டி இருக்கு. ஓனருக்கு மட்டும் தெரிஞ்சுச்சுன்னா மறுபடி மூங்கிலும் தகரமும்தான் எனக்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், குடுத்துருங்க. இப்ப பாருங்க, நல்லாத்தான் இருக்கேன். என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. இப்ப முழிச்சிருக்கேன்ல? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்.

எதுக்கு சார் லாரி போன பக்கம் கையைக் காட்டுறீங்க?

அந்த லாரிகிட்டப் போனப்பவும் என் கண்ணு இப்படியேதான் இருந்துச்சா? கொஞ்சம்கூட மூடலையா? இப்ப உங்களைப் பாக்குறேன்ல, இதே மாதிரியேவா ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?

லாரிக்காரன் அவன் சைடு கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்திருப்பான். 'நம்ம லாரியப் பாத்து இவன் வேணும்னேதான் வர்றான்'னு நெனைச்சிருப்பான்.

போன் அடிக்குது. வள்ளிதான். அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ.

எடுங்க சார். இந்தத் தடவை நீங்களே எடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். அவர் முழிச்சிருக்காரான்னு கேப்பா. நீங்க பாத்ததைச் சொல்லுங்க. என்கிட்டக் குடுக்காதீங்க, அவ கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.